அப்பாவின் ஆட்டோவில் அம்மாவின் குரல்

அப்பாவோடு வண்டி ஓட்டும் பாண்டி மாமா என்னைக் கூட்டிப்போகப் பள்ளிக்கு வந்தபோது கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வெளியே அப்பாவின் ஷேர் ஆட்டோ நின்றது. அப்பாவைக் காணவில்லை. மாமா வண்டியைக் கிளப்பியதும் ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் பாடம் வாசிக்கத் தொடங்கியது. எப்போதும் அதைக் கேட்டால் கிண்டல் செய்கிற மாமா, அன்று சட்டென்று அணைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் கண்ணைத் துடைத்தார். யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா பிறகு எழவே இல்லை என்பதை வீட்டுக்கு வந்துதான் கேட்டேன்.

"பிளக்ஸுல போட அப்பாவப் பத்தி நாலு வரி எழுதிக் குடு தாயி" என்று மாமா கேட்டிருந்தார். நாலு வரியில் நிற்கவில்லை. அதனால் இதை பிளக்ஸில் போட வேண்டாம். சமயநல்லூர் ஸ்டாண்டில் அப்பாவோடு வண்டி ஓட்டிய நீங்கள் மட்டும் படியுங்கள். முன்னறையில் பெரியப்பா படுத்திருக்கிறார். நான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் இருமும்போதெல்லாம் பேனாவை நிறுத்திக்கொள்கிறேன்.

அம்மா எழுமலைப் பக்கம். எட்டாவது முடித்த வருஷம் அவருடைய அப்பா இறந்துபோக, செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார். அறுத்துக் காயப்போட்ட ஈரக்கல்லில் ஈர்க்குச்சியால் கணக்குப் போட்டுப் பார்ப்பாராம். அழிக்க மறந்த கற்களும் சூளைக்குள் போய் வெந்துவிட்டன. பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் தனியாகவே படித்துப் பரீட்சை எழுதினார். கல்யாணமாகி, என்னை மடியில் போட்டுக்கொண்டு தபால் வழியில் பி.ஏ. முடித்தார். இதையெல்லாம் அம்மா என்னிடம் சொன்னதில்லை. அப்பாதான் சொல்வார். பூசாத செங்கல் சுவர் எங்கே தெரிந்தாலும் வண்டியை மெதுவாக்குவார். "நல்லாப் பாரு. எவன் வீட்டுச் செவுத்துலயோ உங்கம்மா போட்ட கணக்கு இருக்கு."

அரசு வேலைத் தேர்வுக்கு அம்மா சத்தமாக வாசித்துப் படிப்பார். அப்பா அதைப் போனில் பதிந்து ஆட்டோவில் போடுவார். மதுரை போய்ச் சேரும்வரை பாட்டே கிடையாது. ஒருநாள் பூக்கார அக்கா கேட்டார்:

"ஏண்ணே, ஒரு சாமி பாட்டாச்சும் போடக் கூடாதா?"

"வாசிக்கிறது யாருன்னு தெரியுமா? என் வீட்டம்மா. சூளையில கல்லு சொமந்து படிச்சு வந்தது. காதக் குடுத்துக் கேளு, எறங்குறப்ப கேள்வி கேப்பேன்."

"சரியாச் சொல்லிட்டா?"

"நாளைக்கும் என் வண்டியில ஏத்திக்கிறேன்."

வண்டி முழுக்கச் சிரித்தது. அம்மாவுக்கு இது தெரிந்ததும் கோபம் வந்தது. "ஊரு பூராம் என் குரலக் கேக்கணுமா?" என்றார். "நான் ஏழாப்புத் தாண்டல. படிச்சவள கட்டியிருக்கேன்னு சொல்லிக்கிறேன். அம்புட்டுத்தான்" என்றார் அப்பா. மறுநாள் வாசித்தபோது அம்மா போனுக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு முறை தேர்வு கைவிட்டுப் போனது. "ஸ்டாண்டுல நிக்கிறவனுக்குத் தெரியும். ரெண்டு சவாரி போனா மூணாவது வரும். நீ எடத்த விட்டு நகராத" என்பார் அப்பா.

மூன்றாவது தேர்வு வரும் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு முப்பதாம் நாள் கும்பிட இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. "முப்பது முடியாம பொம்பள வாசப்படி தாண்டுறது நம்ம வீட்டுல இல்ல" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அம்மா மறுக்கவில்லை. ஹால் டிக்கெட்டை என்னிடம் நீட்டி, "கிழிச்சுப் போட்ரு" என்றார். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. பள்ளி விட்டு நான் நடந்தே வருகிறேன். ஸ்டாண்டைத் தாண்டும்போது நீங்களும் பேச்சை நிறுத்திவிடுகிறீர்கள். வீட்டிலும் பேச்சில்லை. ஒரு நாளில் நான் கேட்கிற ஒரே அம்மா குரல், அப்பாவின் போனில் இருப்பதுதான்.

இன்று சாயங்காலம் அம்மா அரிசி களையும்போது அதை மெதுவாகப் போட்டேன். "வைகை ஆறு உற்பத்தியாகும் இடம்" என்று அம்மா வாசிக்கும்போது குக்கர் விசில் குறுக்கே வரும். அப்பா சிரிக்கிற சத்தத்தோடு அந்தப் பதிவு முடிந்துவிடும். இன்றும் முடிந்தது. அம்மா அரிசியிலிருந்து கையை எடுக்காமல், "வருசநாட்டு மலை" என்றார்.

நான்கு நாளைக்குப் பிறகு அம்மா பேசியது அதுதான்.

அப்பாவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, போனிலுள்ள அந்தக் குரல்கள். இன்னொன்று, பூசாத சுவரைக் கண்டால் நின்று பார்க்கிற பழக்கம். ஹால் டிக்கெட் என் ஜாமெட்ரி பாக்ஸில் பத்திரமாக இருக்கிறது. அதை நான் கிழிக்கவில்லை.

தேர்வு மையம் நாகமலை புதுக்கோட்டையில். ஞாயிறு காலை ஏழு மணிக்கு யாராவது ஒருவர் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வாருங்கள். பெரியப்பா என்ன சொல்வாரோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நான் ஒரு கையில் அப்பாவின் போனோடு, மறு கையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். ஹாரன் அடிக்க வேண்டாம். ஸ்பீக்கரை மட்டும் போட்டுவிடுங்கள்.