இறங்கியதும் அப்பாடா

குதி மிஸ்ஸுக்கு இடது முழங்கால் வலிக்கிறது என்ற செய்தி ஏழு மாதமாக இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று குதி மிஸ். மற்றது இடது முழங்கால்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. சம்பளப் பட்டியலில் அது பத்திரமாக இருக்கிறது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி சொல்லிக்கொடுக்க அனுப்பப்பட்ட முதல் வாரமே அவள் 'குதிக்கிற மிஸ்' ஆனாள். பிள்ளைகளுக்கு அவசரம் அதிகம் என்பதால் அடுத்த வாரம் குதி மிஸ் ஆகிவிட்டாள்.

கல்லூரியில் கணக்குப் பிரிவில் இடம் நிரம்பிவிட்டதால் உடற்கல்விக்கு வந்தவள். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். பன்னிரண்டு வருடம் பெரிய வகுப்புகளுக்குக் கைப்பந்து சொல்லிக்கொடுத்தாள். சின்ன வகுப்புக்கு மாற்றியபோது ஆசிரியர் அறையில் துக்கம் விசாரிக்காத குறை.

"பிள்ளைங்க தானாவே ஓடுது, தானாவே குதிக்குது. இதுக்கு ஒரு டீச்சரா?" என்றார் கணக்கு வாத்தியார்.

"ஓடும் சார். நிக்கச் சொல்லிப் பாருங்க."

மறுநாள் இடைவேளையில் அவர் வராந்தாவில் கையை நீட்டி நிற்கச் சொல்லிப் பார்த்தார். ஓடிவந்த நான்கு பேரும் நின்றார்கள். அவர் வயிற்றில் முட்டி நின்றார்கள்.

அதுதான் அவள் வேலை. ஓடுகிறவர்களுக்கு நிற்கச் சொல்லிக்கொடுப்பது. ஒற்றைக் காலில் நொண்டும்போது மிச்சமிருக்கும் காலை எங்கே வைத்துக்கொள்வது என்று காட்டுவது. பந்து வரும்போது கண்ணை மூடாமலிருக்கப் பழக்குவது. வலக்கையால் எறிந்தால் இடக்கால் முன்னே போக வேண்டும். இது பெரியவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் விட, உயரத்திலிருந்து குதித்தால் இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். முழங்கால் மடங்க வேண்டும். சத்தம் வரக் கூடாது. குதிப்பது யாருக்கும் வரும், இறங்குவதுதான் வித்தை என்பாள்.

கூடம் மதியம் சாப்பாட்டுக்கு, மற்ற நேரம் அவளுக்கு. காலையில் மேசைகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்து, பாய்களை விரித்து, சாக்கட்டியால் தரையில் பாதங்கள் வரைவாள். முழங்கால் உயரத்தில் இரண்டு பெஞ்சு. ஒரு கூடை நிறையப் பயறுப் பைகள். கணவருடைய பழைய பேன்ட்டுகளை வெட்டிச் சின்னப் பைகளாகத் தைத்து உள்ளே பயறு போட்டவை; எறியவும் பிடிக்கவும் பந்தை விடத் தோது. ஒருமுறை அவற்றைத் துவைக்க ஊறவைத்துவிட்டு வாளியிலேயே மறந்து போனாள். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் தையல் வழியாக வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அறிவியல் டீச்சர் வாளியோடு வாங்கிக்கொண்டு போனார்.

"என் பேன்ட்டுல இருந்து இப்பதான் உருப்படியா ஏதோ வந்திருக்கு," என்றார் கணவர்.

ஆசிரியர் கூட்டங்களில் குதி மிஸ் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்வாள். "சின்னப் பிள்ளைங்க காதால கேக்காதுங்க மேடம். கண்ணாலதான் கேக்கும். நான் எப்படிச் செய்றேனோ அப்படியே செய்யும். அச்சு அசலா." இதை எத்தனை முறை சொன்னாள் என்றால், அவள் எழுந்து நிற்பதற்குள் தலைமையாசிரியை குறிப்பேட்டில் அதை எழுதி முடித்துவிடுவார்.

முழங்காலுக்கு வருவோம்.

மைதானத்தில் பட்ட அடியாக இருந்தால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பாள். அது சமையலறையில் நடந்தது. மேல் தட்டில் பாட்டில் மூடிகள் சேர்த்து வைத்த டின் இருந்தது. பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்கி வருவதற்காக வருடக் கணக்கில் சேர்த்தவை. முக்காலி மேல் ஏறி டின்னை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டு, இடது காலை மட்டும் கீழே விட்டாள். இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு இறங்கச் சொல்லிக்கொடுத்தவள் ஒரு முக்காலியிலிருந்து இறங்கத் தெரியாமல் விழுந்தாள்.

"என்ன சத்தம்?" என்றார் கணவர் முன்னறையிலிருந்து.

"மூடி கொட்டிடுச்சு."

அதுவும் உண்மைதான்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதிரே வருகிறவரின் கண்ணாடி ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் ஏழு மாதமாக மனைவி மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவது அவர் கண்ணில் படவில்லை. "நீங்க முன்னால போங்க" என்று அவள் தினமும் சொன்னதுதான் காரணம். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். வயதானால் மனைவிக்கு மரியாதை வரும் என்று கடையில் ஒருவரிடம் சொல்லவும் செய்தார்.

பள்ளியில் சொல்லாமலிருந்ததற்கு வேறு காரணம். அங்கே ஒரு திரை இருந்தது. தலைமையாசிரியை ஆசையாக வாங்கியது, சுவர் அகலம். அதில் ஒரு வாட்டசாட்டமான ஆள் தோன்றிக் குதிப்பார், சுழல்வார், பிள்ளைகள் பார்த்துச் செய்ய வேண்டும். பக்கத்தில் நாற்காலி போட்டு யாராவது ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தால் போதும். முதல் நாள் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்கள். கடைசியில் அந்த ஆள் கையசைத்துவிட்டு இடதுபுறமாக நடந்து திரையை விட்டு வெளியேறினார். கூடத்தில் இடதுபுறம் கதவு இருந்தது. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கையசைத்துவிட்டு நடந்து வெளியேறினார்கள். காவலாளி அவர்களை வாசல் கேட்டில் மடக்கினார்.

அதிலிருந்து திரை சாமான் அறையில் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. தலைமையாசிரியை அதை மறந்துவிடவில்லை. "யாருக்காவது முடியாமப் போச்சுன்னா உதவும்," என்பார். வருடா வருடம் ஒரு படிவம் வரும். 'எல்லா அசைவுகளையும் ஆசிரியர் தாமே செய்துகாட்ட இயலுமா?' குதி மிஸ் இந்த வருடமும் 'ஆம்' போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட் பிடிக்க அவள் தயாராயில்லை.

ஆகவே குதித்தாள். ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு. வகுப்புக்கு ஒருமுறையாவது பெஞ்சின் மேல் ஏறி, கையை வீசி, குதித்து, சத்தமில்லாமல் இறங்கிக் காட்டினாள்.

பெற்றோர் நாள் வந்தது. கூடத்தில் நூறு பேர். மூன்றாவது வரிசையில் கணவர், கடையை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டு. முன்வரிசையில் தலைமையாசிரியை.

முதல் பிள்ளை பெஞ்சில் ஏறியது. கையை வீசியது. குதித்தது. இரண்டு பாதமும் ஒன்றாக, முழங்கால் மடங்க, பூனை மாதிரி இறங்கியது. பிறகு இடது கையை இடது முழங்காலில் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, "அப்பாடா" என்றது.

கூட்டம் சிரித்தது. நல்ல சுட்டிப் பிள்ளை என்று நினைத்தார்கள்.

இரண்டாவது பிள்ளை குதித்தது. இறங்கியது. முழங்காலில் கை. "அப்பாடா."

மூன்றாவது. நான்காவது. வரிசை நகர்ந்தது. குரல்தான் வேறு வேறு. கை வைக்கிற இடம், கண் சுருக்குகிற விதம், உடம்பு வலது பக்கமாகச் சாய்கிற அளவு எதுவும் மாறவில்லை. இதையும் சேர்த்துத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று பெற்றோர்கள் முடிவுகட்டிக் கைதட்டத் தொடங்கினார்கள்.

குதி மிஸ் பாயோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைகள் யாரை மாதிரிச் செய்கிறார்கள் என்பது அவளுக்கு ஒன்பதாவது பிள்ளையின்போதுதான் விளங்கியது. தான் அப்படிச் செய்வதே அவளுக்குத் தெரியாது.

கடைசியாகப் பஞ்சு வந்தாள். எடையே இல்லாத பெண் என்பதால் அந்தப் பெயர். ஆனால் அவளுடைய இரண்டு கால்களும் சேர்ந்தாற்போல் தரையை விட்டதை யாரும் பார்த்ததில்லை. பெஞ்சிலிருந்து முதலில் ஒரு காலை இறக்குவாள், நிதானமாக மற்றதை இறக்குவாள், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள் போல. அன்றும் பஸ்ஸிலிருந்துதான் இறங்கினாள். ஆனால் முழங்காலைப் பிடித்து அவள் சொன்ன "அப்பாடா" மாதிரி வேறு யாரும் சொல்லவில்லை. கைதட்டல் அதற்குத்தான் அதிகம்.

இரண்டு பேர் சிரிக்கவில்லை. ஒருவர் மூன்றாவது வரிசையில், மற்றவர் முன்வரிசையில்.

கூட்டம் கலைந்ததும் தலைமையாசிரியை வந்தார்.

"எந்த முட்டி டீச்சர்?"

"எது மேடம்?"

"இருபத்தெட்டுப் பிள்ளைங்க காட்டிட்டாங்க. இடதுதானே?"

"கொஞ்சம்தான் மேடம்."

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம்."

"கிரவுண்டுலயா?"

குதி மிஸ் பாயின் ஓரத்தைக் காலால் சரிசெய்தாள். "முக்காலி."

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. சிரிக்காமலிருப்பதற்காகக் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"டாக்டர் சொல்ற வரைக்கும் நீங்க குதிக்கக் கூடாது. ஸ்க்ரீனை எடுத்து வெக்கச் சொல்றேன்."

"ரெண்டு வாரம் குடுங்க மேடம். குதிக்காம சொல்லிக்குடுக்கறேன்."

"கண்ணாலதான் கேக்கும்னு யாரு சொன்னது? என் நோட்டுல இருபது இடத்துல இருக்கு."

அவள் பாயின் மறு ஓரத்தையும் காலால் சரிசெய்தாள்.

"சரி. எறங்கத் தெரியாத ஒரு பிள்ளையை எறங்க வையுங்க. நான் வந்து பாக்கறேன். இல்லன்னா ஸ்க்ரீன்தான்."

"எந்தப் பிள்ளை மேடம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. பஸ்ல வந்துச்சே, அதுதான்."

அன்று வீட்டு மாடிப்படியில் கணவர் ஒதுங்கி நின்றார். "இன்னைக்கு நீ முன்னால போ."

அவள் போனாள். பதினெட்டுப் படி. அவர் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஊர்ல இருக்கறவன் கண்ணையெல்லாம் நான் பாக்கறேன்," என்றார் மேலே வந்ததும்.

"அதான் வீட்டுல பாக்க நேரமில்ல."

"நூறு பேரோட உக்காந்து தெரிஞ்சுக்க வேண்டியதா போச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"முக்காலின்னு எப்படிங்க சொல்றது?"

மறுநாள் சமையலறையில் முக்காலியைக் காணோம். கணவர் கடைக்குக் கொண்டுபோய் அதன் மேல் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்.

மருத்துவர் முழங்காலுக்கு உறை மாட்டி, மூன்று மாதம் குதிக்கக் கூடாது என்றார். கூடத்தின் நடுவில் நாற்காலி வந்தது.

முதல் நாள் குதி மிஸ் இரண்டு விரல்களைக் கால்களாக்கி, மடியிலிருந்த புத்தகத்தின் மேலிருந்து குதிக்கவைத்துக் காட்டினாள். பிள்ளைகள் கூர்ந்து பார்த்தார்கள். பிறகு எல்லோரும் குத்தவைத்து உட்கார்ந்து, தங்கள் ஷூவின் மேலிருந்து விரல்களைக் குதிக்கவைத்தார்கள். மிக நன்றாக இறங்கினார்கள். இரண்டாம் நாள் வாயால் விளக்கினாள். பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்து வாயசைத்தார்கள்.

"அப்பாடா சொல்லக் கூடாது. அது குதிக்கறதுல சேராது," என்றும் சொல்லிவைத்தாள். அதற்குப் பிறகு இறங்கியதும் எல்லோரும் கன்னம் உப்ப வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

பஞ்சு தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள், வேறெதுவும் தோன்றாமல், குதி மிஸ் நாற்காலியிலிருந்தபடியே ஒரு பயறுப் பையைக் கீழே போட்டாள். தொப்பென்று விழுந்தது.

"இது எந்தக் காலை முதல்ல வெச்சுது?"

"அதுக்குக் காலே இல்ல மிஸ்," என்றாள் பஞ்சு.

"அதான் ஒண்ணா எறங்குது."

பஞ்சு பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று முழுக்க அதைப் பெஞ்சிலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்தாள். குதிக்கவில்லை. பையைக் குதிக்கவைத்தாள். அடுத்த வாரம் குதி மிஸ் அந்தப் பையை வாங்கி, பஞ்சுவின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் வைத்து இடுக்கிக்கொள்ளச் சொன்னாள். கணவரின் சாம்பல் நிற பேன்ட்டின் பின்பாக்கெட் அது. அதை இடுக்கிக்கொண்டு பஞ்சு தரையில் வாத்து மாதிரி நடந்தாள். பெஞ்சின் மேல் ஏற்றினால் மட்டும் பையைக் கீழே போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள்.

இரண்டு வாரம் முடிந்த அன்று தலைமையாசிரியை வந்து கதவோரம் நின்றார். கையில் அட்டை, அதில் நான்கு கட்டங்கள்: இரு காலால் எழும்புதல், கை வீச்சு, இரு பாதமும் சேர்ந்து இறங்குதல், முழங்கால் மடக்கம். வெளியே சாமான் அறைக் கதவு திறந்தே இருந்தது.

பஞ்சு பெஞ்சின் மேல். முழங்கால்களுக்கு நடுவில் பை.

"பையை விடாம எறங்கு, பஞ்சு."

பஞ்சு ஒரு காலை இறக்கப் பார்த்தாள். பை நழுவியது. சட்டென்று இடுக்கிக்கொண்டாள்.

"மிஸ், கால் வர மாட்டேங்குது."

"ஆமா."

"அப்ப எப்படி எறங்கறது?"

குதி மிஸ்ஸின் உள்ளங்கால் அரித்தது. எழுந்து ஒருமுறை குதித்துக் காட்டினால் முடிந்தது விஷயம். நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பை எப்படி எறங்கிச்சு?"

பஞ்சு யோசித்தாள். கணக்கு வாத்தியார் கூட அவ்வளவு நேரம் யோசித்து யாரும் பார்த்ததில்லை. பிறகு கையைப் பின்னால் கொண்டுபோனாள். வீசினாள். இரண்டு கால்களும் பெஞ்சை விட்டன. இரண்டும் ஒன்றாகப் பாயைத் தொட்டன. முழங்கால் மடங்கியது. சத்தமே இல்லை. ஒரு நொடி கழித்துப் பை மட்டும் தொப்பென்று விழுந்தது.

இருபத்தேழு பிள்ளைகளும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள்.

பஞ்சு நிமிர்ந்தாள். தன் இடது முழங்காலைக் குனிந்து பார்த்தாள். அதற்கு ஒன்றும் இல்லை போலிருந்தது. நேராக நாற்காலிக்கு நடந்து வந்து, குதி மிஸ்ஸின் இடது முழங்கால் உறையின் மேல் கையை வைத்து, "அப்பாடா," என்றாள்.

தலைமையாசிரியை நான்கு கட்டத்திலும் குறி போட்டார். பேனா அட்டையின் அடியில் கொஞ்ச நேரம் நின்றது.

"அந்தக் கடைசிக்குக் கட்டம் இல்லையே டீச்சர்."

"அது என் முட்டி மேடம். அவ கணக்குல வராது."

"ஸ்க்ரீன் படுத்தே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் போனார். சாமான் அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

குதி மிஸ் நாற்காலியில் சாய்ந்தாள். அதற்குள் அடுத்த பிள்ளை பெஞ்சில் ஏறிவிட்டது. குதித்தது, அழகாக இறங்கியது, ஓடிவந்து அவள் இடது முழங்காலில் பட்டென்று கையை வைத்து, "அப்பாடா" என்றது. அதற்குப் பின்னால் வரிசை நின்றது. எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஏழாவது பிள்ளை வருவதற்குள் குதி மிஸ் வலது முழங்காலை நீட்டத் தொடங்கியிருந்தாள்.