ராஜாவுக்கு எதிர்ப்பு சக்தி போதவில்லை

செல்வம் அண்ணன் கூண்டை என் கடை மேசைமேல் வைத்ததுமே குனிந்து பார்த்தேன். அவர் வளர்க்கும் காக்கடீல் கிளி, ராஜா, கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்திருந்தது. இறகெல்லாம் உப்பி, கண் பாதி மூடியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது.

எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில், பறவைத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். தினை, கம்போடு முருங்கையிலையும் மஞ்சளும் சேர்த்து நானே அரைத்த சத்துப் பொடியும் விற்கிறேன். செல்வம் அண்ணன் அதை வழக்கமாக வாங்குபவர்.

"ராஜாவுக்கு எதிர்ப்பு சக்தி பத்தல, ராதா. பூண்டுத் தண்ணி, மஞ்சத் தண்ணி எல்லாம் குடுத்துப் பார்த்துட்டேன். உன் பொடியில இன்னும் ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுக் குடு."

"அண்ணே, இதுக்குப் பொடி வேணாம். இப்பவே டாக்டர்கிட்ட போவணும்."

"நாய் பூனை பாக்குற டாக்டருக்குப் பறவையப் பத்தி என்னா தெரியும்? எல்லாத்தையும் இயற்கையா பாக்கணும்னு நீதானே சொன்ன?"

சொன்னது உண்மைதான். ஆனால் நன்றாக இருக்கும் பறவைக்குச் சொன்னது.

அவர் குரல் உயர்ந்தது. "உன் பொடிய தின்னுதான் இப்படி ஆயிருக்கும். ராஜாவுக்கு ஏதாச்சும் ஆச்சு, ஊரெல்லாம் சொல்லிடுவேன்!"

எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். மழை ஈரத்தில் பொடி பூஞ்சை பிடித்திருந்தால்? டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. ஆனாலும் ஒரு பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டேன்.

"பொடியும் வருதுண்ணே. அதுலதான் கோளாறுன்னா டாக்டர் சொல்லட்டும். காடில ஏறுங்க," என்று கார்க் கதவைத் திறந்தேன்.

பறவை பார்க்கும் டாக்டர், தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலத்தில் ஜாம். பறவைக்குக் குளிரக்கூடாது என்று ஏர்கோனை அடைத்துவிட்டு ஓட்டினேன். அண்ணன் சுடுதண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுப்பாலத்தில் பறவை முக்கி முக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"டேய் ராஜா, எழுந்திரிடா," என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "வீட்டுல நான் பேசுறதுக்கு வேற ஆளு இல்லம்மா," என்றார்.

முன்னால் இருந்த லாரி நகரவே இல்லை. ஹாரன் அடித்தேன். அடித்து என்ன பயன் என்று தெரிந்தும் அடித்தேன்.

கிளினிக்கில் இருந்த டாக்டர் இளம்பெண். பறவையின் வயிற்றை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"அங்கிள், இது ராஜா இல்ல, ராணி. உள்ள முட்டை சிக்கியிருக்கு. என்னா சாப்பாடு குடுக்கிறீங்க?"

"சூரியகாந்தி விதைதான். வேற எதையும் தொடாது. பொடியக் கூட விதைமேல தூவித்தான் வைப்பேன்."

"விதைய உரிச்சுத்தானே தின்னும்? பொடி தோலோட கீழ விழுந்திடும். சுண்ணாம்புச் சத்தே உள்ள போகல லா. வெயிலு படுதா? வெயில் இல்லாட்டி அந்தச் சத்து உடம்புல சேராது."

கூண்டு பின்னறையில் இருந்ததாம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

கால்சியம் ஊசி போட்டு, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தார்கள். முட்டை வரவில்லை என்றால் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வெளியே நாற்காலியில் நானும் அண்ணனும் காத்திருந்தோம். கையிலிருந்த பொட்டலம் வியர்வையில் கசங்கிப்போயிருந்தது.

கடைசியில் கதவு திறந்தது. முட்டை வந்துவிட்டது. ஓடு காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. பறவை காலை ஊன்றி நின்றது. செல்வம் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது என்னிடம் பொடி வாங்குபவர்களிடம், ஈரமான கீரையிலோ வேகவைத்த முட்டையிலோ பிசைந்து கொடுக்கச் சொல்கிறேன். சுண்ணாம்புச் சத்துக்குக் கூண்டில் கணவாய் மீன் ஓடு தொங்கவிடவும், காலை வெயில் காட்டவும் சொல்கிறேன். பறவை நன்றாக இருக்கும்போது இவை உடம்பைத் தாங்கும்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கூண்டின் அடித்தட்டில் உப்பி உட்கார்ந்த பறவைக்கு நம் கடையில் விற்க எதுவும் இல்லை. அதைச் சொன்னால் வாடிக்கையாளர் திட்டுவார். திட்டட்டும். நீங்கள் காடிச் சாவியை எடுங்கள்.