அண்ணாந்து குடிக்கிற வூட்டில் ஒரு மாத்திரை

அறிவரசனுக்கு மாத்திரை முழுங்க வராது. இதைச் செந்துறைப் பக்கம் யாரிடமும் சொல்லிவிடக் கூடாது, ஏனென்றால் அவன் பி.ஃபார்ம்.

குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். முதல் பட்டதாரி சான்றிதழை லேமினேட் செய்து டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கிறான். பைக்கின் பெட்ரோல் டேங்கில் பி.ஃபார்ம் ஸ்டிக்கர், மழையில் அது உரிந்தால் அன்றைக்கே புதுசு ஒட்டுவான். அரியலூரில் ஒரு மெடிக்கலில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்று, வருகிறவர்களிடம் கட்டைவிரல் நகம் தண்டி மாத்திரைகளை நீட்டி, "அப்படியே முழுங்கிடுங்க, ஒண்ணுமே இல்ல" என்பான். சொல்லிக்கொண்டே மாத்திரையிலிருந்து பார்வையை எடுத்துவிடுவான். தனக்குக் காய்ச்சல் வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மாத்திரையை ரெண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, நாட்டுச் சர்க்கரையில் குழைத்து நக்குவான். இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவன்தான் பெரம்பலூர் டாக்டரம்மா முன்னால் வாயை விட்டான்.

அக்கா வெற்றிச்செல்வியின் மகள் மணிமொழி மூணாங்கிளாஸ் படிக்கிறாள். அக்கா புருஷனுக்குத் திருப்பூரில் வேலை என்பதால் தாயும் மகளும் இங்கேதான். போன வருஷம் பள்ளிக்கூடப் பிரேயரில் நின்றுகொண்டிருந்தபோது மணிக்கு வலிப்பு வந்தது. அவளைக் கொண்டுவிட வந்திருந்த அறிவரசன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். படித்ததில் ஒரு வரிகூட அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. ஆட்டோவில் அவள் பேரைத்தான் கத்திக்கொண்டே போனான். அதிலிருந்து தினம் சிரப் கொடுக்கிறார்கள். மறுபடி வரவில்லை.

"பாப்பா வளர்ந்துட்டா, இனி சிரப் போதாது" என்றார் டாக்டரம்மா. "மாத்திரைக்கு மாத்தணும். இது மெதுவாக் கரையற மாத்திரை. உடைக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. முழுசா உள்ள போகணும். முழுங்குவாளா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் இவன் முந்திக்கொண்டான். "அதுக்கென்ன மேடம், நான் பழக்கிடறேன். நான் பி.ஃபார்ம்."

"நல்லதாப் போச்சு. கையில இருக்கற பாட்டிலோட சிரப்ப நிறுத்திடணும், அது தீர்றதுக்குள்ள பழக்கிக் கூட்டிட்டு வாங்க. நடுவுல மருந்து விட்டுப்போச்சுன்னா திரும்ப வலிப்பு வந்துரும்."

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள். "ஏன்டா, நெசமாவே பழக்கிடுவியா?"

"அக்கா, நாலு வருசம் படிச்சது எதுக்கு?"

பழக்குவதற்காகக் கடையிலிருந்து சின்ன சத்து மாத்திரை கொண்டுவந்தான். வாழைப்பழத்தில் பொதிந்து கொடுத்தான். பழம் போனது, மாத்திரை மட்டும் சீத்தாப்பழக் கொட்டை மாதிரி சுத்தமாகத் தட்டோரத்தில் உட்கார்ந்திருந்தது. இட்லிக்குள் ஒளித்தான். மணி இட்லியைப் பிய்த்து, போலீஸ்காரர் டிக்கியைச் சோதிப்பது மாதிரி சோதித்தாள். அதன்பிறகு எதைக் கொடுத்தாலும் "உள்ள என்னா மாமா வச்சிருக்க?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவித்த முட்டையைக் கொடுத்தபோது மஞ்சக்கருவைக் காட்டி, "இவ்ளோ பெரிசா!" என்று அழுதுவிட்டாள்.

கடைசியில் நேர்வழிக்கு வந்தான்.

"நாக்குல வை. அண்ணாந்து தண்ணிய ஊத்து. முழுங்கு. ஆ காட்டு."

அவள் ஆ காட்டினாள். நாக்கின் நடுவில் மாத்திரை நந்தி மாதிரி அசையாமல் இருந்தது.

"தண்ணி மட்டும் போயிடுச்சு மாமா."

அண்ணாந்து குடிப்பது அந்த வீட்டின் சட்டம். அறிவரசனின் அப்பா அய்யம்பெருமாள் சின்ன வயசில் அடுத்தவர் களத்தில் வேலை செய்தவர். அங்கே அவருக்குச் செம்பு கிடையாது. குனிந்து கையேந்தினால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். மகன் பள்ளிக்கூடம் போன அன்றைக்குப் பேர் வெட்டிய எவர்சில்வர் செம்பு ஒன்றை வாங்கிக் கொடுத்து, "அண்ணாந்து குடி. எச்சி பண்ணிட்டான்னு ஒரு பய ஒன்ன சொல்லக் கூடாது" என்றார். மகன் அதைப் பிடித்துக்கொண்டான். காலேஜ் ஹாஸ்டலில் ஒரு முழ உயரத்திலிருந்து சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக் குடித்துப் பேர் வாங்கினான். மணி தத்தித் தத்தி நடந்த காலத்திலேயே அவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டான். பாட்டிலில் அவள் உதடு பட்டால் போதும், "ச்சீ, எச்சி! படிச்சவங்க வூட்டுப் புள்ளையா நீ?" என்று பாடம் எடுப்பான்.

"நீ முழுங்கிக் காட்டு மாமா" என்றாள் மணி ஒருநாள்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். தப்பிக்க வழியில்லை. வேலையிலிருந்து வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மஞ்சள் நிற பி-காம்ப்ளெக்ஸ் ஒன்றை நாக்கில் வைத்து, அண்ணாந்து, பேர் வெட்டிய செம்பைத் தூக்கி ஊற்றினான். தண்ணீர் போனது. கண் பிதுங்கியது. தொண்டை 'இக்' என்று ஒரு சத்தம் போட்டு, மாத்திரையைத் திருப்பி அனுப்பியது. அது வெள்ளைக் கோட்டில் மஞ்சளாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு பாக்கெட்டுக்குள் விழுந்தது.

மணி தரையில் உருண்டு சிரித்தாள்.

"டேய், நீ பி.ஃபார்ம் படிச்சியா, இல்ல ஸ்டிக்கர் மட்டும் வாங்குனியா?" என்றாள் அக்கா.

"விக்கறதுக்குத்தான்க்கா பட்டம் குடுத்தாங்க, முழுங்கறதுக்கா குடுத்தாங்க?"

மறுநாளே விஷயம் பள்ளிக்கூடம் வழியாக ஊருக்குப் போய், ஊர் வழியாகக் கடைக்கு வந்தது. செந்துறையிலிருந்து வந்த ஒருத்தர் சுகர் மாத்திரை வாங்கிக்கொண்டு அக்கறையாக விசாரித்தார். "ஏன் தம்பி, ஒங்களுக்கே எறங்காதாமே?"

கேலியைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் சிரப் லேபிளுக்குக் கீழே இறங்கிவிட்டது. காலையில் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது அவன் வழக்கமாயிற்று. பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிரேயர் மைதானமும் இழுத்துக்கொண்ட சின்னக் கையும் கண்ணில் வரும். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த நாளில், இனி முடியாது, டாக்டரம்மாவிடம் ஒத்துக்கொண்டு வேறு வழி கேட்டுவிடலாம் என்று மணியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். அரியலூரில் பஸ் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து, வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். 'மேடம், குழந்தை ஒத்துழைக்கல...' குற்றத்தைக் குழந்தை மேல் போடுவதில் அவனுக்குக் கூச்சமே இல்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மணி பன்னீர் சோடா கேட்டாள். ஒரு பொட்டலம் சீரக மிட்டாயும் வாங்கிக் கொடுத்தான். பழக்கதோஷத்தில் அவள் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து ஊற்ற, நுரை மூக்கில் ஏறி, கவுனெல்லாம் சோடா.

கடைக்காரம்மா பூமாலை அதட்டினார். "என்னா பாப்பா, சோடாவப் போயி எவளாச்சும் அண்ணாந்து குடிப்பாளா! வாய வச்சு உறிஞ்சு. கழுவப் போறது நாந்தான?"

மணி மாமாவைப் பார்த்தாள். மாமா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கொலைக்கு அனுமதி கொடுக்கிறவன் போல, "இந்த ஒரு தடவதான்" என்றான்.

அவள் ஒரு சீரக மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, உதட்டைப் பாட்டிலில் இறுக்கி ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு நாக்கால் வாய்க்குள் துழாவினாள்.

"மாமா, மிட்டாயக் காணும்."

"மென்னுட்டியா?"

"இல்ல. சோடா கூடவே ஓடிப்போச்சு."

"ஆ காட்டு."

நாக்கு ரோஸ் கலரில் காலியாக இருந்தது. அறிவரசன் பையிலிருந்த தண்ணி பாட்டிலை எடுத்தான். "இப்ப இதுல. வாய வச்சே குடி." இன்னொரு மிட்டாய் போனது. பொறுக்கிப் பொறுக்கிப் பெரிசாக ஒன்று கொடுத்தான், அதுவும் போனது. வாயைப் பிளந்து மேலேயிருந்து ஊற்றும்போது நாக்கும் தொண்டையும் விறைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் உள்ளே விடுகின்றன. உதட்டை மூடி உறிஞ்சினால், நாக்கில் இருப்பதும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. இத்தனை வருஷமாக அந்தத் தொண்டைக்குப் பூட்டுப் போட்டு, நாகரிகம் என்று சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தது சாட்சாத் அவன்தான்.

"நெசமாவே முழுங்கறாளா! எப்படிப் பழக்குனீங்க?" என்றார் டாக்டரம்மா.

"அதுக்கு ஒரு மெத்தட் இருக்கு மேடம்..."

"சோடா குடிச்சோம்" என்றாள் மணி.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, சோடா வேண்டாம், தண்ணீரே போதும் என்றும், ராத்திரிச் சிரப்புக்குப் பதிலாக அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்துவிடலாம் என்றும் சொன்னார்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் மணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நிஜ மாத்திரை சீரக மிட்டாய் இல்லை. நீளமாக, வெள்ளையாக இருந்ததை அறிவரசன் ஓரக்கண்ணால்தான் பார்த்தான். முதல் தடவை உதட்டை முழுசாக மூடாமல் குடித்தாள். மாத்திரை திரும்பி வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"எச்சி ஆவுது மாமா. நீதான திட்டுவ."

அறிவரசன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அய்யம்பெருமாள்தான் பேப்பரை மடித்து வைத்தார்.

"நம்ம வூட்டுத் தண்ணி, நம்ம பாட்டிலு. நீ வாய வச்சுக் குடி ஆத்தா. எவன் கேக்கறான்னு பாப்போம்."

மணி உதட்டை இறுக்கினாள். பிளாஸ்டிக் பாட்டில் 'டப்'பென்று உள்வாங்கியது. கழுத்தில் சின்னதாக ஒரு அசைவு.

"ஆ காட்டு!" அக்காவும் அப்பாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள், அறிவரசன் முட்டி போட்டுக் குனிந்தான். அக்கா செல்போன் டார்ச்சை அடித்தாள். நாக்குக்கு மேல், நாக்குக்கு அடியில், கன்னத்து ஓரத்தில், எங்கேயும் இல்லை. "உள்ள போயிடுச்சு தாத்தா!" என்று மணியே கத்தினாள்.

அறிவரசன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். கண்ணில் தூசி என்றான். அடுக்களை வழியாகப் போனவனுக்கு எங்கிருந்து தூசி என்று யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் நனைந்து அவனுக்குக் காய்ச்சல் வந்தது. வழக்கம்போலக் கதவைச் சாத்தி, ரெண்டு ஸ்பூனையும் சர்க்கரையையும் எடுத்து வைத்தான். தாழ்ப்பாள் போட மறந்திருந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு மணி வந்து நின்றாள். ஸ்பூனைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். திரும்பிப் போய், தன் ஸ்கூல் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே அக்காவும் அப்பாவும்.

"ஒன் பாட்டிலாச்சே, எச்சில்ல?" என்றான் கடைசி முயற்சியாக.

"தலைய மேல தூக்காத. வாய நல்லா மூடி உறிஞ்சு."

பி.ஃபார்ம் அறிவரசன், கார்ட்டூன் பூனை போட்ட ரோஸ் பாட்டிலில் வாயை வைத்தான்.

மணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"ஆ காட்டு மாமா."