சாம்பாருக்கு எத்தனை சக்கரம் வேண்டும்

மனைவியை ஏமாற்றுவதற்காகப் பக்கத்துக் காலி மனைக்கு ஒரு மணி நேரம் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சியவன் நான். ஐம்பத்திரண்டு வயதில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, காக்கை விழிப்பதற்கு முன்னால். அந்த மனையில் பயிர் எதுவும் கிடையாது. நான்கு எல்லைக் கற்கள், கொஞ்சம் சீமைக்கருவேலம், இடம் விற்பனைக்கு அல்ல என்று துருப்பிடித்துப்போன ஒரு பலகை. எனக்கு வேண்டியிருந்தது சேறு. நல்ல, ஆழமான, ஒரு வண்டியைக் கவ்விக்கொண்டு விடாத சேறு.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னாலும் மரியாதை கூடப்போவதில்லை.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் ஆவணப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். எந்தத் திருகு எந்தத் தேதியில் சோதிக்கப்பட்டது என்பதற்கான காகிதத்தைப் பாதுகாப்பது என் வேலை. திருகைக் கண்ணால் பார்த்தது இரண்டு முறை. விருப்ப ஓய்வில் வெளியே வந்தபோது, படப்பைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டின் பின்கட்டில் என் மனைவி ஒரு சமையற்கூடத்தையே நடத்திக்கொண்டிருந்தாள். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நூற்றெண்பது பேருக்கு மதியச் சாப்பாடு. அவள் முதலாளி ஆனாள். நான் போக்குவரத்துத் துறை ஆனேன்.

அங்கே சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை முதல் ஒரு மணி வரை. ஒரு மணிக்கு உற்பத்தி லைன் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். அதற்குள் தட்டில் சோறு விழாவிட்டால், அந்த நூற்றெண்பது பேரும் மூன்றரை மணி டீ வரைக்கும் வெறும் வயிற்றோடு நிற்க வேண்டியதுதான். போன வருட மழையில் இரண்டு முறை அப்படி நிற்க வைத்துவிட்டோம். ஒரு முறை பிரதான சாலையில் கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றது. இன்னொரு முறை ஏரிக்கரை வழியாகப் போன வாடகைக் குட்டியானை வண்டி சேற்றில் உட்கார்ந்துகொண்டது. தொழிற்சாலையின் கேன்டீன் அதிகாரி மென்மையான மனிதர். திட்டவே இல்லை. "மூணாவது தடவை வேணாம் மேடம்" என்று மட்டும் என் மனைவியிடம் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கும் தெரியும், பின்கட்டில் காய் நறுக்கும் ஆறு பெண்களுக்கும் தெரியும்.

ஆக, சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வாங்குவது என்று முடிவாயிற்று. அடுத்த மழைக்கு முன்னால். கேள்வி ஒன்றுதான்: பின்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும் வண்டியா, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியா?

எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. மூன்று மாதமாகக் கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். பாலைவன மணல்மேட்டில் ஏறும் வண்டிகள், பனிமலையில் ஊரும் வண்டிகள், கண்ணாடி வரைக்கும் ஆற்றில் மூழ்கி மறுகரையில் எழுந்து தலையை உதறும் வண்டிகள். என் பாதை மொத்தம் பதினொரு கிலோமீட்டர். அதன் ஆகப் பெரிய இயற்கைச் சவால் ஓர் எருமை. ஆனாலும் நான்கு சக்கரம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குள் இருந்த ஆவணப் பிரிவு குமாஸ்தா எழுந்து நின்று மீசையை முறுக்கினான்.

ஸ்ரீபெரும்புதூர் ஷோரூமில் இருந்து விற்பனையாளர் ஒருவர் நான்கு சக்கர வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் டை. ஏரிக்கரைச் சரிவுக்கு அடியில் நிறுத்தி, கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பியைக் காட்டி, "இத இப்படி இழுத்து விடுங்க சார். அவ்வளவுதான். இனி நாலும் உங்களுக்கு வேலை பாக்கும்" என்றார்.

இழுத்தேன். தரைக்கு அடியில் ஏதோ ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டது போல ஒரு சத்தம். காலை அழுத்தினேன். மனிதர்கள் ஏறவே கைகளையும் ஊன்ற வேண்டிய சரிவு அது. வண்டி அதில் வீட்டுப் படி ஏறுவது போல ஏறியது! கரை உச்சியில் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, பிறகு பொத்தென்று தண்ணீரைப் பார்த்தது. ஏரியில் இருந்த கொக்குகள் மொத்தமும் எழும்பின. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, வார்த்தை இல்லாத கத்தல். இன்னொரு முறை இறங்கி ஏறினேன். பிறகு இன்னொரு முறை. நான்காம் முறை விற்பனையாளர் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சார், வண்டி நல்லாருக்குன்னு எனக்கு ஏற்கெனவே தெரியும் சார்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கால் தரையில் படவில்லை. மனைவி வாசலில் நின்று வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். பின்பக்கத் தளத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். அது அவள் தோள் உயரத்தில் இருந்தது.

"ஏங்க, சாம்பார் அண்டாவ இதுலேர்ந்து எறக்கறதுக்கு ஏணி வெப்பாங்களா?"

"மலையே ஏறும்மா இது."

"மலை மேல யாருக்குச் சோறு போடறோம்?"

விலை வித்தியாசத்தைக் கேட்டாள். விற்பனையாளர் சொன்னார். அந்தத் தொகையில் பெரிய கிரைண்டர் ஒன்றும் சோறு வடிக்க நீராவி அடுப்பும் வந்துவிடும் என்றாள். அப்புறம், இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண வண்டியையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவரும்படி விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்படித்தான். விவாதத்தில் தோற்கடிக்க முடிகிற இடத்தில் அவள் நிற்கவே மாட்டாள், போய்விடுவாள்.

அந்த ஞாயிறு விடியலில்தான் குழாயோடு நின்றேன். இரண்டு சக்கர வண்டி அவள் கண்ணெதிரே சிக்க வேண்டும் என்பது என் திட்டம். மோசடி என்று நீங்கள் சொல்லலாம். நான் அதை அன்றைக்கு, மழைக்காலத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்வதாக எண்ணிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. தளம் இடுப்பு உயரம், பார்க்கவே சாதுவான முகம். "மனைக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்றேன், குரலில் ஒன்றும் தெரியாத பாவனையோடு. விற்பனையாளர் ஓட்டினார். பத்தடி போனது. நின்றது. பின்சக்கரம் இரண்டும் விர்ரென்று சுழன்று, சேற்றைப் பின்னால் இருந்த எல்லைக் கல் மேல் அள்ளிப் பூசின. நான் பரவசத்தை அடக்கிக்கொண்டு கவலையான முகத்தை வைத்துக்கொண்டேன்.

விற்பனையாளர் இறங்கி, கணுக்கால் வரை புதைந்து நின்று, நான்கு பக்கமும் பார்த்தார். ரோடு காய்ந்து கிடந்தது. அடுத்த மனை காய்ந்து கிடந்தது. "ஊரெல்லாம் புழுதி பறக்கு. இங்க மட்டும் எப்படி சார் மழை பேஞ்சிச்சு?"

"குழாய் ஒடஞ்சிருக்கும்" என்றேன்.

மனைவி என் லுங்கியின் ஓரத்தைப் பார்த்தாள். அதில் காயாத மண் இருந்தது. பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அண்டாக்களையும் குண்டான்களையும் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பச் சொன்னாள். என் குழாயிலிருந்தேதான். ஒவ்வொன்றாக வண்டியின் பின்பக்கம் ஏறின: சோற்றுக்கு நான்கு, சாம்பாருக்கு இரண்டு, ரசம், மோர், பொரியல். கடைசியில், சாப்பாடு பரிமாறப் போகிற இரண்டு பெண்களையும் ஏறி உட்காரச் சொன்னாள். அதில் மூத்தவர் ஏரிக்கரை ஊர்க்காரர், சமையற்கூடத்தின் முதல் ஆள், வாய் ஓயாதவர். "இன்னாக்கா, டூர் கூட்டிக்கினு போறியா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

"இப்ப எடுங்க" என்றாள் மனைவி.

விற்பனையாளர் எடுத்தார். பின்பக்கம் அமுங்கியது. சக்கரம் ஒரு முறை வழுக்கியது, பிறகு பிடித்தது. வண்டி சேற்றை விட்டு எழுந்து, நான் பாய்ச்சிய அத்தனை தண்ணீரையும் மிதித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றது. அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. பெண்கள் கைதட்டினார்கள்.

"கிரைண்டர் காலியா ஓடுனா ஆடும். அரிசி போட்டா நிக்கும்" என்றாள் மனைவி. "நாம என்னிக்குக் காலியா போறோம்?"

கடைசி அம்பை எய்தேன். "திரும்பி வர்றப்போ காலியாத்தான வரும்?"

"திரும்பி வர்றப்போ யாருக்குப் பசி?"

விற்பனையாளர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. இரண்டு சக்கர வண்டியே வந்தது.

தோற்றவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வரக்கூடாது, ஆனால் வந்தது. வெள்ளை வண்டி, முன்கண்ணாடியில் குங்குமம், எலுமிச்சை நசுக்கிய சக்கரம். தினமும் பதினொன்றே முக்காலுக்கு, சூடான சாம்பார் மணக்க, பிரதான சாலையில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே போவேன். பின்னால் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் அண்டாக்கள், அண்டா மூடிகளைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு பெண்கள். சட்டப்படி அது தப்பு. சாம்பாரின் பக்கம் நின்று பார்த்தால் வேறு வழியில்லை.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. காலையிலிருந்தே மழை கொட்டியது. பாதி தூரத்தில் பிரதான சாலை மூச்சை நிறுத்திக்கொண்டது. தூரத்தில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கிவிட்டதாம். பஸ், லாரி, ஆட்டோ, எதுவும் நகரவில்லை. மணி பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம். மூணாவது தடவை வேணாம் மேடம். இடது பக்கம் ஏரிக்கரைப் பாதை பிரிந்தது.

திருப்பினேன். இதற்காகவே வாங்கிய முழங்கால் வரைக்குமான அகலமான ரப்பர் பூட்ஸ் காலில் இருந்தது, மார்பு அடித்துக்கொண்டது. பயம்தான் என்று சொன்னால் பொய், பாதிக்கு மேல் குஷி. மூன்று மாத வீடியோ வீண் போகவில்லை என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. முதல் பள்ளம், தாண்டியது. இரண்டாவது பள்ளத்தில் வண்டி பக்கவாட்டில் நழுவி, வளைந்து, தானே நிமிர்ந்தது. "அப்படித்தான்டா!" என்றேன், வண்டியிடம். மூன்றாவது, ஏரி நிரம்பி வழியும் கலங்கல் தண்ணீர் பாதைக்குக் குறுக்கே ஓடும் தாழ்வு. அதில் இறங்கினேன். வண்டி நின்றது.

இன்ஜின் உறுமியது. அசையவில்லை. வைப்பர் அடிக்க அடிக்கக் கண்ணாடியில் மழை. பதற்றப்படாதே, இரண்டாவது கியர், நிதானமான அழுத்தம், ஆட்டி ஆட்டி எடு என்று பாலைவனத்தில் ஒரு தாடிக்காரர் சொல்லியிருந்தார். காலை மாற்றி மாற்றி அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை. திடீரென்று வண்டி ஒரு குதி குதித்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேட்டில் ஏறியது. ஏறியதும் நிறுத்தக்கூடாது, அதுவும் தாடிக்காரர் சொன்னதுதான். நிறுத்தவில்லை. தொழிற்சாலைச் சுவர் வரைக்கும் கத்திக்கொண்டே போனேன்.

பன்னிரண்டு இருபத்திரண்டு. கேட்டைத் தாண்டி, கேன்டீன் வாசலில் நிறுத்தி, இறங்கி, வெற்றிவீரனாகத் தார்ப்பாயை விலக்கினேன். அண்டாக்கள் இருந்தன. பெண்கள் இல்லை.

அந்த அரை நிமிடத்தை நான் எழுதப்போவதில்லை. மூத்தவரின் நம்பருக்குப் போன் போட்டேன். ரசத்துக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து அது அடித்தது. செக்யூரிட்டி ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நான் வந்த வழியே விரைந்தார். பெல் அடித்துவிட்டது. மதுரைப் பக்கத்துத் தொழிலாளர்கள் நான்கு பேர், "தள்ளுங்கண்ணே, நாங்க எறக்குறோம்" என்று அண்டாக்களை இறக்கிவைத்தார்கள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். வரிசையாகத் தட்டுகளில் சாம்பார் ஊற்றினேன். கேன்டீன் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஆர்டர் பிழைத்தது.

பத்து நிமிடத்தில் அந்த இருவரும் வந்துசேர்ந்தார்கள். ஸ்கூட்டரில் செக்யூரிட்டிக்குப் பின்னால் ஒருவர் மேல் ஒருவராக, இடுப்பு வரை சேறு, செருப்பு கையில். உயிர் திரும்பியது எனக்கு. மூத்தவர் நேராகக் குழாயடிக்குப் போனார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, மீதி வரிசைக்குச் சாம்பார் ஊற்றினார்.

எல்லாம் முடிந்து அண்டாக்களைக் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். எங்கே இறங்கினீர்கள் என்று கேட்டேன். தாழ்வில் வண்டி சிக்கியதும் இருவரும் இறங்கிப் பின்னால் தள்ளினார்களாம். வண்டி கிளம்பியதும் கூவிக்கொண்டே ஓடிவந்தார்களாம். மன்னிப்புக் கேட்டேன். கேட்ட கையோடு, "எப்படியோ நேரத்துக்கு வந்துட்டோம். ரெண்டு சக்கர வண்டி, அந்தச் சேத்துலயே ஏறிடுச்சு பாத்தியா?" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வண்டி நல்ல வண்டிதாண்ணா. ஆனா நாங்க தள்ளிக்கினு இருந்தப்போ பின்னாடி ரெண்டு செவப்பு லைட்டும் எரிஞ்சிக்கினே இருந்திச்சே, அவ்ளோ நேரமும் நீ பிரேக்கையா மிதிச்சிக்கினு இருந்தே?"