காலவரையற்ற லீவு

இங்கே இலை விழுந்தால் ரயில் நிற்கும். நாங்கள் லண்டனுக்கு வந்த முதல் வருஷம், குளிர் தொடங்கும் நேரம், ஸ்டேஷனில் ஏதோ அறிவித்தார்கள். எனக்குக் காதில் விழுந்தது ‘லீவ்ஸ்’ என்ற ஒரு சொல்தான். டிரைவர் லீவு போலிருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். தண்டவாளத்தில் இலை விழுந்து சக்கரம் வழுக்குகிறதாம். எங்கள் ஊர்ப் பக்கம் வில்லியனூரில் மாடு குறுக்கே நின்றாலும் ஊதிக்கொண்டே வரும் ரயிலைப் பார்த்தவள் நான். நம்பவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். மனப்பாடமாகத் தெரிந்த ஆங்கிலம் ஒரு லீவு லெட்டர். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கும். எங்கள் கிராமம் உறுவையாற்றில் நடவுக்குப் போகும் நாட்களிலும் லெட்டரில் எனக்கு ஜுரம்தான். அதனால் லீவு என்றால் எனக்கு ஒரே அர்த்தம். இங்கே ஓட்டல் துணிகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் வாரமே கீழே விழுந்த போர்வையை எடுக்கக் குனிந்தேன். சூப்பர்வைசர் ஜேனட், “லீவ் இட், லவ்” என்றாள். எனக்கு லீவு விட்டுவிட்டாள் என்று ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள், “ஒய் டிட் யூ லீவ்?” என்றாள். “யூ கிவ் லீவ், மேடம்” என்றேன். கூடமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். போர்வையை அப்படியே விடு என்றுதான் அவள் சொன்னாள் என்று அன்று தெரியாது.

வீட்டுக்காரர் பக்கத்து ஊர் ஒதியம்பட்டுக்காரர். எங்கள் பக்கத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவருடைய தாத்தா அவர்கள் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவரும் பிரெஞ்சுக் குடிமகன், எங்கள் மகளும் அப்படியே. நாங்கள் வந்தபோது பிரெஞ்சுக் குடிமக்கள் இங்கே தங்கி வேலை செய்யலாம். நான் அவர் மனைவி என்பதால் இங்கே இருந்தேன். இரண்டு வருஷம் முன்பு வேலைக்குப் போன இடத்தில் மாரடைப்பு. போய்விட்டார். மகளுக்கு இங்கே இருக்க அனுமதி முன்பே வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மகள்தான் என் போனில் மனு போட்டுக் கொடுத்தாள். ஏழு மாதம் ஓடிப்போயிற்று.

போன மே மாதம் பதில் வந்தது. காகிதம் கிடையாது, போனில்தான். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நம் ஊர்ப் பத்தாவது மாதிரி பெரிய பரீட்சை அவளுக்கு அந்த வாரம். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ‘லீவ்’ என்று இருந்தது. அதற்கு முன்னால் இருந்த சொல் நீளமாக இருந்தது. அந்த வரியைப் போனிலேயே தமிழில் மாற்றினேன். ‘உங்களுக்குக் காலவரையற்ற விடுமுறை வழங்கப்பட்டுள்ளது. மீதம்.’ மறுபடி மாற்றிப் பார்த்தேன். அதேதான் வந்தது.

அந்த இரண்டு சொல்லையும் நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். ஒருநாள் மில் கேட்டில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. காலவரையற்ற விடுமுறை. லீவுதானே என்று நானும் தங்கச்சி செல்வியும் சந்தோஷப்பட்டோம். அப்பா ஒரு மாதம் காலையில் சைக்கிள் எடுத்துப் போய் அந்தத் தாளைப் படித்துவிட்டு வந்தார். மழையில் அது கரைந்துபோயிற்று. கேட் திறக்கவில்லை.

செல்விக்குப் போன் போட்டேன்.

“இன்னாக்கா, கொரலு ஒரு மாதிரி இருக்குது?”

“எனக்கு லீவு குட்த்துட்டாங்கடி.”

“நல்லதுதானக்கா. எத்தினி நாளு?”

“காலவரையற்றதுன்னு போட்டிருக்குது.”

“மில்லு மாதிரியாக்கா?” என்றாள்.

“ஆமாண்டி.”

“பொண்ணு?”

“அவ இருக்கலாம். எனக்குத்தான்.”

“வயசுப் பொண்ண எவகிட்டக்கா வுட்டுட்டு வருவ?”

போனை வைத்துவிட்டேன்.

மகளிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கணக்குப் பரீட்சை. அதுவரை வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தேன். மூன்று நாள். கதவு தட்டினால் என்னை அனுப்ப வந்துவிட்டார்களோ என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு பையை வைத்து என் துணியை அடுக்கினேன். அவள் துணியையும் எடுத்து வைத்தேன். பிறகு வெளியே எடுத்தேன். படிப்பைக் கெடுத்துக் கூட்டிப்போவதா, அவள் அப்பாவைப் புதைத்த ஊரில் தனியாக விடுவதா? மறுபடி உள்ளே வைத்தேன். அவள் சாப்பிடும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. “என்னம்மா?” என்றாள். உப்பு அதிகமா என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜேனட்டிடம் போனேன். சொல்லாமல் வேலையை விடுவது முறையில்லை.

“மேடம், ஐ காட் லீவ்.”

“லவ்லி! கோயிங் எனிவேர்?”

“இண்டியா.”

“ஹவ் லாங்?”

அந்த நீளமான சொல் வாயில் வரவில்லை. போனை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என்னைக் கட்டிப்பிடித்தாள். “லீவ் டு ரிமெய்ன்” என்றாள். “ஸ்டே! யூ கேன் ஸ்டே!”

“லீவ், கோ?”

“நோ, லவ். ஸ்டே.” புரியட்டும் என்று என் தோளைப் பிடித்து அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள். அப்போதுதான் புரிந்தது. லீவ் என்ற சொல்லுக்கு அனுமதி என்றும் ஒரு அர்த்தம் உண்டாம், போன் ‘மீதம்’ என்று மாற்றிய ரிமெய்னுக்குத் தங்கியிருப்பது என்றும். பள்ளிக்கூட லெட்டரில் நான் கேட்டதும் அதைத்தானாம். பரீட்சை முடிந்து வந்த மகள் சொன்னாள். பையைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள், திட்டினாள்.

சாயங்காலம் செல்வியிடம் சொன்னேன்.

“இன்னாக்கா இங்கிலீசு இது! போறதுக்கும் லீவு, இருக்கறதுக்கும் லீவா? அவுங்களுக்கு வார்த்தைக்கா பஞ்சம்?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குரல் இறங்கியது. “அப்ப நீ வரமாட்டியாக்கா?”

“வரேன்டி” என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை.

மகளின் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். என்னுடையதை எடுக்கப் போனேன். ஜேனட்டின் குரலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், லீவ் இட். பை இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. பெருக்கும்போது நகர்த்திப் பெருக்கிவிட்டு அதே இடத்தில் வைக்கிறேன்.