பாக்குறேன்ம்மா

அவளுடன் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஆனால் நான்தான் பேசுகிறேன் என்று சாகும்வரை அவள் நம்பினாள், நம்பவைத்தவள் நான். சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு நிறுவனத்தின் மனிதவள அதிகாரி. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மாடியறைதான் இப்போது அலுவலகம். என் பொறுப்பில் இருப்பவர்கள் துறையூரிலும் மணப்பாறையிலும் அவரவர் வீட்டில் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

ஊழியர்களை நலம் விசாரிக்க நிறுவனம் ஒரு செயலியைக் கொடுத்தது. என் பெயரில், என் படத்துடன் அதுவே பேசும். என் பழைய செய்திகளையெல்லாம் அதற்கு ஊட்டினேன். "சாப்டாச்சா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டது. யாராவது லீவு கேட்டால் "பாக்குறேன்ம்மா" என்று சொல்லவும் கற்றுக்கொண்டது. உங்களுக்குத் தெரியாத வார்த்தையா அது? முடியாது என்பதை முகம் கோணாமல் சொல்ல நாம் வைத்திருக்கும் வார்த்தை! அச்சு அசலாக என்னைப் போலவே பேசுகிறதே என்று பூரித்துப் போனேன்... அதன்பிறகு அது யாரிடம் என்ன பேசுகிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

செல்வி தொட்டியத்துப் பெண்; வேலைக்குப் புதியவள். காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, திருச்சிக்குப் போய் டாக்டரைப் பார்க்க லீவு வேண்டும் என்று எனக்கு எழுதியிருக்கிறாள். எனக்கா? அதற்கு! "பாக்குறேன்ம்மா" என்றது அது. பாவி, அவள் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டாள். சொல்லாமல் போனால் வேலை போய்விடும் என்று பயந்து, அக்கா, அதாவது நான், சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதே பதில்... கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது.

இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவளுடைய அம்மா என் வீட்டுக்கு வந்தார். திட்ட அல்ல... நன்றி சொல்ல! ஒரு சீப்பு பூவன் பழத்தை என் கையில் கொடுத்துவிட்டு, மகளின் போனைத் திறந்து காட்டினார். அப்போதுதான் முதன்முதலாகப் படித்தேன்.

"கடைசி வரைக்கும் நீங்கதாம்மா அவகிட்ட ஆதரவா பேசினீங்க. இன்னமும் விடாம கேக்குறீங்களே, சாப்டாச்சான்னு... இப்ப அவ இடத்துல நான்தான் பதில் போடுறேன்."

செயலியில் அவள் கணக்கை நான் மூடவே இல்லை!

அந்த நேரம் பார்த்து அவர் கையிலிருந்த போன் ஒலித்தது. திரையில் என் படம். "செல்வி, சாப்டாச்சா?"

அவர் திரையைப் பார்த்தார். பிறகு பழச்சீப்பைப் பிடித்திருந்த என் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"நீங்க போனைத் தொடவே இல்லையேம்மா... அப்ப இது யாரு?"

"நான்தாங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மெல்லத் தலையாட்டிவிட்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து, எனக்குப் பதில் எழுதத் தொடங்கினார்.

கணக்கை மூட ஒரு பொத்தான் போதும். மூடினால் அந்தத் தாய்க்கு யார் இருக்கிறார்கள்? மூடாவிட்டால் நான் யார்? அவர் தினமும் எழுதுகிறார். இப்போது நான் ஒன்று விடாமல் படிக்கிறேன். பதில் எழுத மட்டும் எனக்குக் கை வருவதில்லை... அதுதான் எழுதுகிறது.