எங்க வீட்ல பண்ணாங்க

ஸ்ரீசிட்டியில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. வெல்டிங்கை அங்கே ரோபோ பண்ணும். அது சரியாக விழுந்திருக்கிறதா என்று விளக்கடியில் வைத்துப் பார்க்க வேண்டியவள் நான். சரியாக இருந்தால் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு. இல்லையென்றால் சிவப்பு டப்பா. ஓட்டை விழுந்திருக்கிறதா, இரும்பு இரும்போடு கலந்திருக்கிறதா, இல்லை சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். ஆனால் வெல்டிங் ராடைச் செருகிப் பிடிக்கிற ஹோல்டரைக் கையில் பிடித்தது கிடையாது. அந்த ஆசை எனக்கு வந்ததும் இல்லை.

ஆசை என் வீட்டுக்காரருக்கு வந்தது. அவர் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கிற கம்பெனியில் சேல்ஸ்மேன். சித்தூர் பக்கம் மாந்தோப்பு மாந்தோப்பாகப் போய்க்கினு இருப்பார். அப்படிப் போன ஒரு தோப்பில் ஓரமாக நின்றிருந்த பழைய டீசல் ஜீப்பைப் பார்த்து மயங்கி, வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். புத்தூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில், தகரக் கூரைக்கு அடியில் அதை நிறுத்தினார். திருப்பதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஆற்று மணலிலும் பாறையிலும் ஏற்றி இறக்குகிற ஒரு கூட்டம் உண்டு. அதில் சேர வேண்டும் என்பது அவர் கனவு. அதற்கு வண்டியை மூணு இஞ்சாவது உயர்த்த வேண்டும். சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்குகிற பழைய ஸ்பிரிங் பட்டையைக் கழற்றிவிட்டு வளைவு அதிகமான பட்டை போட வேண்டும். அந்தப் பட்டையின் முனைகளைச் சேஸியோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக் காதுகளை அறுத்தெடுத்துவிட்டு, நீளமான காதுகளை வெல்டிங் பண்ண வேண்டும்.

"கடையில குடுத்தா போச்சு" என்றேன்.

"கடையில குடுத்தா அது கடைக்காரன் வண்டி. நானே பண்ணாத்தான் என் வண்டி" என்றார்.

ஆன்லைனில் சின்ன வெல்டிங் மெஷின் வந்தது. முகத்துக்குக் கவசம், கையுறை, ஒரு பெட்டி ராடு எல்லாம் வந்தன. போனில் வீடியோ பார்த்துக்கொண்டே அவர் ஆரம்பித்தார். ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினார். மறுபடியும் ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஹோல்டரைத் தரையில் வீசிவிட்டு, "மெஷின் சரியில்ல" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவருக்கு உதவ வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். இத்தனை வருஷம் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கினவளுக்கு, நம்மால் ஒன்று செய்ய முடியுமா என்று பார்க்கிற வெறியும் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

முதல் நாள் கவசத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் கண்ணைத் திறக்க முடியாமல் லீவு போட்டேன். அப்புறம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அவருடைய பழைய முழுக்கைச் சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு, பழைய இரும்புத் துண்டுகளை வைத்து, ஷிப்ட் முடிந்து வந்த சாயங்காலங்களில் பழகினேன். ராடை இரும்புக்கு எவ்வளவு பக்கத்தில் பிடித்தால் சீரான சத்தம் வரும், எவ்வளவு மெதுவாக நகர்த்தினால் இரும்பு உருகிக் கலக்கும் என்பதெல்லாம் கைக்குத் தெரிய நாலு மாதம் ஆயிற்று. வெல்டிங் பண்ணின துண்டைப் பாதியாக அறுத்து உள்ளே பார்ப்பேன். கம்பெனியில் ரோபோவுக்கு என்ன சட்டமோ அதையேதான் எனக்கும் வைத்தேன். என் துண்டுகளில் பெரும்பாலானவற்றை நானே சிவப்பு டப்பாவில் போட்டேன்.

எதிர்வீட்டு அம்மா, "ஏம்மா, இன்னா வேலை இது? பொம்பளை கையில நெருப்பு பறக்குது" என்றாள். எனக்கு அது பாராட்டு மாதிரிக் கேட்டது.

ஜீப்பின் எட்டுக் காதுகளையும் நான்தான் வெல்டிங் பண்ணினேன். அவர் அளந்தார், அறுத்தார், பிடித்துக்கொண்டார். அதில் நான் அவருக்குக் குறை வைக்க மாட்டேன். வண்டி அடியில் மல்லாக்கப் படுத்து, முகத்துக்கு மேலே வெல்டிங் பண்ணுகிறபோது, பொறி கழுத்துக்குள் விழுந்து மூன்று இடத்தில் கொப்புளம். கடைசிக் காது முடிந்து, அதன் மேல் படிந்த கசடைத் தட்டியபோது, அது ஒரே ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. அடியில் இரும்பு சின்னச் சின்ன அலையாக வரிசையாகப் படிந்திருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சூப்பர்" என்றார். அன்றைக்கு அவர் மனசாரத்தான் சொன்னார்.

முதல் தடவை நாங்கள் போனது ஸ்வர்ணமுகி ஆற்று மணலுக்கு. பத்துப் பன்னிரண்டு ஜீப் வந்திருந்தன. எங்கள் வண்டி ஒரு மேட்டில் அநாயாசமாக ஏறி இறங்கியது. எல்லாரும் குனிந்து அடியில் பார்த்தார்கள். அதில் பாகாலாக்காரர் ஒருவர், இவரைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், சிமெண்ட் கடை வைத்திருப்பவர், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, வெல்டிங் எவரு சேசாரு?" என்று தெலுங்கில், யார் பண்ணினது என்று கேட்டார்.

நான் பக்கத்தில்தான், புளியோதரை டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார் என்று நிமிர்ந்தேன்.

"எல்லாம் நம்ம கைவேலைதான்" என்றார்.

திரும்பி வருகிறபோது ரேணிகுண்டாவைத் தாண்டினோம். பிறகு கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"பொண்டாட்டி வெல்டிங் பண்ண வண்டின்னு சொன்னா எவன் மதிப்பான்? சிரிப்பானுங்க. நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே? நீ பண்ணா இன்னா, நான் பண்ணா இன்னா?"

ரெண்டு பேரும் ஒன்று என்கிற வார்த்தைக்கு எதிராக ஒரு மனைவி என்ன சொல்ல முடியும்? விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு கூட்டத்தில் இரண்டு பேர் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். விட்டுவிட்டு அவர்கள் போன பிறகு நான் வெல்டிங் பண்ணுவேன். அவர்கள் எடுக்க வருகிறபோது நான் சமையலறையில் இருப்பேன். அப்படித்தான் நடக்க வேண்டும் என்று யாரும் பேசி வைக்கவில்லை. தானாக அப்படி ஆயிற்று. நானும் அதற்கு உடந்தை.

மூன்றாவதாக வந்தது அந்தப் பாகாலாக்காரர் வண்டி. என்னை வாய் நிறைய "வதினா" என்று கூப்பிடுவார். தெலுங்கில் அண்ணி. அவருக்கு முன்பக்கக் காதுகள் மட்டும் மாற்ற வேண்டும். அடுத்த வாரம் குவாரியில் பெரிய கூட்டம் இருப்பதால் அவசரம். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கம்பெனியில் ஓவர்டைம். "நான் சாயங்காலம் வந்து பண்றேன். நீங்க பழைய பெயிண்ட்டை கிரைண்டர் வெச்சி சுத்தம் பண்ணி மட்டும் வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சாயங்காலம் வந்தபோது வேலை முடிந்திருந்தது. காதுகள் நாலும் ஏறி, அவற்றின் மேல் கறுப்புப் பெயிண்ட்டும் அடித்திருந்தது.

"நீங்களா பண்ணீங்க?"

"ஏன், நான் பண்ணக் கூடாதா? பார்த்துப் பார்த்து எனக்கும் வந்துடுச்சு."

"கிரைண்ட் பண்ணீங்களா?"

"எல்லாம் ஆச்சு."

நான் குனிந்து பார்த்தேன். பெயிண்ட்டுக்கு அடியில் கோடு சீராக இல்லை. ஓரிடத்தில் புடைத்தும் ஓரிடத்தில் ஒல்லியாகவும் இருந்தது. ஒரு கத்தி எடுத்துச் சுரண்டினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோகும். சுரண்டவில்லை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கால் வலி. சுரண்டினால் சண்டை. முதன்முதலாகத் தானே பண்ணினது என்று அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு. நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். கம்பெனியில் அப்படி ஒரு துண்டு கைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் சிவப்பு டப்பாவில் போட்டிருப்பேன்.

பாகாலா பக்கம் கைவிட்ட கல்குவாரியில், சரிவில் இறங்குகிறபோது இடது முன் காது ஒன்று பிய்ந்துகொண்டது. பட்டை நழுவி, சக்கரம் ஒரு பக்கமாக இழுத்து, வண்டி பக்கவாட்டில் கவிழ்ந்தது. மற்றவர்கள் கயிறு போட்டு நிமிர்த்துவதற்குள், ஓட்டிக்கொண்டிருந்த பாகாலாக்காரருடைய வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிவிட்டது.

திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நான் கம்பெனியிலிருந்து நேராகப் போனேன். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அவருடைய மனைவியும் அண்ணனும் நின்றிருந்தார்கள். எனக்கு முதுகைக் காட்டி நின்று என் வீட்டுக்காரர் அந்த அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அண்ணன் சித்தூரில் இருப்பவர், நன்றாகத் தமிழ் பேசுவார்.

"வெல்டிங் யார் பண்ணது?"

"நான் பண்ணலைங்க. எங்க வீட்ல பண்ணாங்க."

எனக்கு வெல்டிங் தெரியும் என்று அவர் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன உடனே எல்லாரும் நம்பினார்கள். பொம்பளை எப்படி வெல்டிங் பண்ணுவாள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அந்த மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். என் உள்ளங்கையை, விரல்களைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே அந்த மனிதனுடைய காலைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே நின்று நானில்லை அவர்தான் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டில் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"அந்த நேரத்துல வாயில வந்துடுச்சு. நான்னு சொன்னா கேஸு, போலீஸுன்னு இழுத்திருப்பாங்க. நீன்னா, பொம்பளை, தெரியாம பண்ணிட்டான்னு விட்டுடுவாங்க. பாரு, விட்டுட்டாங்க இல்ல?"

"இப்ப போய் உண்மையைச் சொல்லுங்க."

"இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? கால் ஒட்டிக்குமா?"

அப்புறம் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நான்தான் பரிமாறினேன்.

கவிழ்ந்த வண்டியைச் சித்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போட்டிருந்தார்கள். ஒரு நாள் லீவு போட்டு, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். பிய்ந்த இடத்தில் கறுப்புப் பெயிண்ட்டுக்கு அடியில் பழைய நீலப் பெயிண்ட் அப்படியே இருந்தது. கிரைண்டர் பக்கத்திலேயே போகவில்லை. இரும்பு இரும்பைத் தொடவே இல்லை, கசடுதான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அங்கிருந்த மெக்கானிக், "எவனோ கத்துக்குட்டி பண்ணது மேடம்" என்றார். நான் தலையாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, திருப்பதியில் ரயில் ஏறிப் பாகாலாவுக்குத் தனியாகப் போனேன். பாகாலாக்காரர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் முழுக்க இரும்புக் கம்பி. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வண்டியிலிருந்து சொன்னேன். உங்கள் வண்டியை மட்டும் நான் தொடவில்லை, அன்றைக்கு எனக்குக் கம்பெனி என்றேன்.

அவர் கம்பி போட்ட காலைக் கையால் தூக்கிக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு, "கம்பெனியில உங்க வேலை வெல்டிங் செக் பண்றதுதானே, வதினா?" என்று கேட்டார்.

"ஆமா."

"வந்து என் வண்டியப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நல்லா இருந்ததா?"

"இல்ல. சந்தேகமாத்தான் இருந்தது."

"அப்ப யார் பண்ணா என்ன?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதோடு அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. அவர் இப்போது கைத்தடி வைத்து நடக்கிறார் என்று கேள்வி.

என் வீட்டுக்காரரை அந்தக் கூட்டத்தில் யாரும் ஒதுக்கவில்லை. அவராகவே போவதைக் குறைத்துக்கொண்டார். ஆறு மாதம் ஜீப் தகரக் கூரைக்கு அடியில் நின்றது. நானும் ஹோல்டரைத் தொடவில்லை. கம்பெனியில் ரோபோ தவறவிட்ட வெல்டிங்கைக் கையால் சரிசெய்கிற இடத்துக்கு ஆள் கேட்டபோது, கை தூக்கலாமா என்று நினைத்தேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பார்களே, அதற்கு என்ன பதில் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். வேறு ஒருத்தர் போனார்.

கடைசியில் நாயுடுபேட்டையிலிருந்து ஒருவர் ஜீப்பை வாங்க வந்தார். விவரம் தெரிந்தவர். சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் போய்ப் படுத்து, ஒவ்வொரு காதாகத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து, "வெல்டிங் பிரமாதமா இருக்கு. யார் பண்ணது?" என்று கேட்டார்.

நான் வாசற்படியில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்: "சித்தூர்ல ஒரு கடை சார். இப்ப அந்தக் கடை இல்ல."

"நான்தான் பண்ணேன்" என்றேன்.

வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். ஏதோ வீட்டுக்குள் இருக்கிற வேடிக்கை என்று வந்தவர் நினைத்திருக்க வேண்டும். நான் நீட்டிய காபியை வாங்கிக் குடித்தார். "காபி நல்லா இருக்கும்மா" என்று டம்ளரைக் கொடுத்துவிட்டு, வண்டியின் புத்தகத்தைக் கேட்டார்.

அவர் ஓட்டிக்கொண்டு போன பிறகு என் வீட்டுக்காரர், "அந்த மெஷினையும் வித்துடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எதற்கு என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. பீரோவுக்குப் பக்கத்தில், சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.